காது கொடுக்கும் வைத்தியம்

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? இன்றைக்குச் சாயங்காலம் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'உங்களுக்குத் தெரிஞ்சதுலயே நல்ல டாக்டர் யாரு?'

யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். ஏன் அவர் என்று கேளுங்கள். 'எம்.டி., டி.எம். படிச்சவர்', 'லண்டன் போயிட்டு வந்தவர்' என்றெல்லாம் பதில் வராது. 'நல்லா பேசுவார்ப்பா. நாம சொல்றதைக் காது குடுத்துக் கேப்பார். அவரைப் பார்த்துட்டு வந்தாலே பாதி சரியாயிடும்' என்பார்கள்.

நாம் மனசுக்குள் சிரித்துக்கொள்வோம். வியாதிக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்கேன் ரிப்போர்ட் சொல்லாததையா பேச்சு சொல்லிவிடப் போகிறது? 'பெரிசுக்குப் பொழுது போகலை, பேச ஆள் தேடுது' என்று முடித்துவிடுவோம்.

அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். பெரியவர்கள் சொல்வதுதான் சரி என்று மருத்துவ உலகம் கொஞ்சம் தாமதமாக ஒப்புக்கொண்டு வருகிறது. ஆனால், அதை நாமும் ஒப்புக்கொண்டால் கூடவே இன்னொரு கேள்வி கிளம்பும். அது மருத்துவக் கேள்வி அல்ல, தர்மக் கேள்வி. ஒரு வயதானவரின் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் யார்? அந்த உடம்புக்குச் சொந்தக்காரரா? ஃபீஸ் கட்டுகிறவரா?

முதலில் மருத்துவத்தைப் பார்த்துவிடுவோம்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் குழந்தை டாக்டரிடம் ஓடுகிறோம். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் போதும் என்று யாரும் நினைப்பதில்லை. குழந்தை என்பது சின்ன சைஸ் மனுஷன் இல்லை, அதன் உடம்பு வேறு என்று நமக்குத் தெரியும். ஆனால், எண்பது வயது உடம்பும் நாற்பது வயது உடம்பிலிருந்து வேறுதான் என்பது மட்டும் நமக்கு உறைப்பதே இல்லை.

ஒரு உதாரணம். எழுபத்தைந்து வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பி.பி.க்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். வீக்கத்தைப் பார்த்துப் பயந்துபோய் வேறொரு டாக்டரிடம் போகிறார்கள். அவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். இப்போது அந்த அம்மா ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. தூக்கம் கெடுகிறது. மூன்றாவது டாக்டர் தூக்க மாத்திரை தருகிறார். ஒருநாள் ராத்திரி இரண்டு மணி. அரைத் தூக்கம், லேசான தள்ளாட்டம், பாத்ரூமில் ஈரத் தரை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நாலாவதாக ஆர்த்தோ டாக்டர்.

இதில் எந்த டாக்டர் மேல் குற்றம் சொல்வீர்கள்? ஒவ்வொருவரும் தன் எதிரில் இருந்த பிரச்னைக்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார்கள். நாலு பேரும் நாலு உறுப்பைப் பார்த்தார்கள். அந்த அம்மாவை முழுசாகப் பார்த்தவர்தான் யாருமில்லை. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது வியாதி என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பதற்கு 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று மருத்துவத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு அது சகஜம்! (இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிட ஆபத்து.)

இந்தச் சங்கிலியை அறுக்க எம்.ஆர்.ஐ. மெஷின் தேவையில்லை. 'வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக்கிட்டு வாங்கம்மா' என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து, 'இது எப்போ ஆரம்பிச்சது? எதுக்கு ஆரம்பிச்சது?' என்று கேட்க ஒரு டாக்டர் போதும். என்ன, அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

இன்னொரு பரிசோதனை சொல்கிறேன். ஒரு நாற்காலி போதும். பெரியவரை அதில் உட்கார வைத்து, எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1991ல் வந்த பரிசோதனை இது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் கீழே விழக்கூடிய அபாயம் இருக்கிறது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. செலவு? பூஜ்யம். உங்கள் வீட்டுப் பெரியவரை இப்படி நடக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர் எத்தனை பேர்?

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1935ல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற டாக்டரிடம் பழைய ஏழைகள் விடுதி வார்டுகளை ஒப்படைத்தார்கள். 700க்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரும்பாலும் வயதானவர்கள். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று வருஷக்கணக்கில் படுக்கையில் கிடத்தப்பட்டவர்கள். அந்த அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். சுவருக்கு வெளிச்சமாகப் பெயின்ட் அடித்தார். விளக்குப் போட்டார். எழுப்பி உட்கார வைத்தார், நடக்க வைத்தார். அதில் பலர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். அவர்களைப் படுக்க வைத்தது முதுமை மட்டுமல்ல. 'வயசாயிடுச்சு' என்ற வார்த்தையும்தான்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. அரசு பொது மருத்துவமனையில் 1978ல் முதியோருக்கெனத் தனியாகப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 2012ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். பெருமைதான். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அத்தனை பேரும் கிண்டிக்கு வர முடியாது. அவர்களுக்கு வேண்டியது தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டர். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கிற, நடக்கச் சொல்லிப் பார்க்கிற, காது கொடுக்கிற டாக்டர்.

அப்படிப்பட்டவர் ஏன் அபூர்வமாக இருக்கிறார்?

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த வழி கணக்கு வழிதான். ஊசி போட்டால் காசு, ஸ்கேன் எடுத்தால் காசு, ஆபரேஷன் செய்தால் பெரிய காசு. அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால்? அதே கன்சல்டேஷன் ஃபீஸ். வெளியே இருபது டோக்கன் காத்திருக்கிறது. காது கொடுக்கிற டாக்டர் தன் பாக்கெட்டிலிருந்து கொடுக்கிறார் என்று அர்த்தம்.

அரசாங்கக் கணக்கும் இப்படித்தான் ஓடுகிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் விரித்தது. ஏழை, பணக்காரர் பேதம் இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால், அந்தப் பணம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் கிடைக்கும். வெறுமனே டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வர அதில் காசில்லை. அந்த அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் பணம் உண்டு. விழாமல் இருக்க யாராவது அரை மணி நேரம் செலவழித்தால் அதற்குப் பணம் இல்லை.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. சான்பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில் 1970களின் தொடக்கத்தில் ஆன் லாக் என்று ஓர் அமைப்பு ஆரம்பித்தார்கள். கான்டனீஸ் மொழியில் அமைதியும் மகிழ்ச்சியுமான இல்லம் என்று அர்த்தம். தள்ளாத வயதில் தெரியாத நர்சிங் ஹோமில் போய்க் கிடக்க அங்கிருந்த பெரியவர்களுக்கு இஷ்டமில்லை. காலையில் வேனில் அழைத்து வந்து, டாக்டர், பிசியோதெரபி, சாப்பாடு, பேச்சுத்துணை எல்லாம் ஒரே இடத்தில் கொடுத்து, சாயங்காலம் வீட்டில் விட்டார்கள். பின்னால் அந்த முறை 'பேஸ்' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவி, 1997ல் சட்டத்திலும் இடம்பிடித்தது.

அதன் கணக்குதான் சுவாரஸ்யம். ஒரு பெரியவருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையைக் கொடுத்துவிடுவார்கள். மருந்தோ, ஆஸ்பத்திரியோ, நர்சிங் ஹோமோ, எல்லாச் செலவும் அந்த அமைப்பின் தலையில். இப்போது பாருங்கள், பெரியவர் கீழே விழுந்தால் அது வருமானம் இல்லை, நஷ்டம்! அதனால் அவர்களே வீட்டுக்குப் போய் பாத்ரூமில் கைப்பிடி பொருத்துவார்கள். தரைவிரிப்பை எடுத்து ஓரமாகப் போடுவார்கள்.

உடனே 'அட, இதுதான் வழி' என்று கையைத் தட்டிவிட வேண்டாம். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்தால், செய்ய வேண்டிய வைத்தியத்தையும் செய்யாமல் மிச்சம் பிடிக்கிற ஆசை வரும். லாபம் இருக்கும் இடத்தில் பெரிய கையும் வரும். 2012ல் சிகாகோவில் முதியோருக்கென்றே ஆரம்பித்த ஓக் ஸ்ட்ரீட் ஹெல்த் என்ற கிளினிக் நிறுவனத்தை 2023ல் சிவிஎஸ் என்ற பெரிய மருந்துக்கடைக் கம்பெனி சுமார் 1,060 கோடி டாலருக்கு வாங்கியது. கணக்கை மாற்றினால் நல்ல டாக்டருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால், நல்ல மனசைக் கணக்கால் உற்பத்தி செய்ய முடியாது.

நம் ஊரில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி. இதில் எனக்குப் பிடித்தது மாத்திரை இல்லை, வாசல். ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவர் ஒரு டோக்கன் நம்பர். வீட்டு வாசலிலோ அவர்தான் விருந்தோம்புகிறவர். 'வாம்மா, உக்காரு. தண்ணி குடிக்கிறியா?' என்று அவர்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். வந்தவர் கண்ணுக்குப் போன மாசத்து மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடப்பதும் தெரியும், பாத்ரூமில் பல்ப் எரியாததும் தெரியும்.

சரி, தர்மக் கேள்விக்கு வருவோம்.

டாக்டர் ரூமில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பையன் பின்னால் நிற்பான். டாக்டர் பையனை நிமிர்ந்து பார்த்து, 'அம்மாவுக்கு என்ன பண்ணுது?' என்பார். பையனும், 'சாப்பாடே இறங்கலை டாக்டர், தூக்கமும் இல்லை' என்று ஒப்பிப்பான். அம்மா நடுவில் ஏதோ சொல்ல வருவார். 'நீ சும்மா இரும்மா, நான் சொல்லிக்கிட்டிருக்கேன்ல!'

பாசம்தான். சந்தேகமே இல்லை. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான், ஆட்டோவுக்குக் கொடுத்திருக்கிறான், ராத்திரி முழுக்க முழித்திருக்கிறான். ஆனால், தன் உடம்பைப் பற்றி நடக்கும் பேச்சில் அந்த அம்மா மூன்றாம் மனுஷி ஆகிவிட்டார்.

வள்ளுவர் வைத்தியத்துக்கு நாலு பேரைச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவர். அந்த வரிசையைப் பாருங்கள். முதலில் நோயாளி. கூட இருப்பவர் கடைசி. நம் கிளினிக்குகளில் வரிசை திரும்பி நிற்கிறது.

பி.காம். முதல் வருஷத்திலேயே தேய்மானம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு மெஷின் வாங்கினால், வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஸ்கிராப் வேல்யூ, பழைய இரும்பு விலை. 'வயசாச்சு, இனிமே இவ்வளவுதான்' என்று சொல்லும்போது நாம் அந்தக் கணக்கைத்தான் மனுஷனுக்குப் போடுகிறோம். ஆனால், மெஷினுக்கு முதலாளி வேறு ஆள். அவனுக்கு அது எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதுதான் அதன் மதிப்பு. மனுஷனுக்கு முதலாளி அவனேதான். எண்பது வயதிலும் அந்த முதலாளி உயிரோடுதான் இருக்கிறார், ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வருகிறார்.

'பேசறது சுலபம் சார். விழுந்தா யார் பார்க்கிறது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஒதுக்கிவிட மாட்டேன்.

எழுபத்தெட்டு வயது தாத்தா ஒருவருக்கு மொட்டை மாடியில் பத்துத் தொட்டிச் செடி என்று வைத்துக்கொள்வோம். தினமும் படியேறித் தண்ணீர் ஊற்றுவார். ஒரு தடவை கால் தடுக்கிவிட்டது. மகன் மாடிக் கதவைப் பூட்டிவிட்டான். அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். நடக்காத காலில் சதை கரையும். ஆறு மாதத்தில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போதே விழக்கூடும். ஆக, பூட்டியதே தப்பு என்று இங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

ஆனால், அது சாமர்த்தியமான வாதம், நேர்மையான வாதம் இல்லை. பூட்டாமல் விட்டிருந்தால் அவர் படியில் உருண்டிருக்கவும் கூடும். அப்போது ஆபரேஷனுக்குப் பணம் மகன் கட்ட வேண்டும். சரி, குளிப்பாட்டி, பெட்பேன் எடுத்து, ராத்திரி முழித்திருப்பது யார்? பெரும்பாலும் மருமகள். முடிவெடுப்பவர் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புபவர் இன்னொருவர், உடம்பு நோகப் பார்ப்பவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. தாத்தாவின் உரிமைக்காகப் பேசுகிற நான், அந்தப் பெண்ணின் முதுகுவலியைப் பார்க்காமல் போனால் அதுவும் அநியாயம்தான்.

எனக்குத் தோன்றுவது இது. இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'எதற்காக நான் வாழ்கிறேன்?' இது தாத்தாவின் கேள்வி. 'எவ்வளவு எங்களால் சுமக்க முடியும்?' இது வீட்டில் இருப்பவர்களின் கேள்வி. இரண்டுமே நேர்மையான கேள்விகள். ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் எழுதிவிடுவதில்தான் தப்பு நடக்கிறது. 'இந்த வயசுல செடி எதுக்கு?' என்று மகன் சொல்ல முடியாது. 'விழுந்தா பார்த்துக்க வேண்டியதுதானே?' என்று தாத்தாவும் சொல்ல முடியாது.

இரண்டையும் ஒரே மேஜையில் வைத்தால் வழி பிறக்கும். படிக்குக் கைப்பிடி போடலாம். அஞ்சு தொட்டியைக் கீழே கொண்டுவரலாம். காலுக்கு வலுவேற்றும் பயிற்சி சொல்லித்தரச் சொல்லலாம். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஏறுவது என்று பேசிக்கொள்ளலாம். அதற்கு முதலில் யாராவது அவரிடம், 'உங்களுக்கு எது முக்கியம்?' என்று கேட்டிருக்க வேண்டும். 2017லிருந்து அமெரிக்காவில் முதியோர் மருத்துவத்துக்கு நாலு விஷயம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். மருந்து, மனம், நடமாட்டம் ஆகிய மூன்றோடு நாலாவதாக 'உங்களுக்கு எது முக்கியம்' என்பதையும் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டி 'காது குடுத்துக் கேப்பார்' என்று சொன்னது இதைத்தான்!

மறதி நோய் வந்தவரிடம் என்ன கேட்பது? அவரிடமும் கேட்கத்தான் வேண்டும். முடிவெடுக்கும் சக்தி என்பது ஒரே ஸ்விட்ச் இல்லை, மொத்தமாக அணைந்துபோக. பேங்க் கணக்கைப் பார்க்க முடியாத பாட்டிக்கு, தன்னை யார் குளிப்பாட்ட வேண்டும் என்று தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது சொல்வார். எந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியுமோ, அந்தக் கேள்வி அவருடையது.

கடைசியாக, எல்லாப் பெரியவர்களும் சொல்லும் ஒரு பொய். 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா.' பையனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது. வேறு காரணமும் உண்டு. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று ஒரு தாய் தன் மகன் எதிரில் எப்படிச் சொல்வாள்? கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிடுவாள். கிளம்புவதற்கு முன் தண்ணீர் குடிக்க மாட்டாள். 'அம்மா எங்கேயும் வர்றதே இல்லை, வயசாயிடுச்சு' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். பலருக்கு உடற்பயிற்சியில் சரியாகக்கூடிய விஷயம் இது. சொல்ல ஓர் இடம் இல்லாததால் வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருப்பார்கள்.

அதனால் இரண்டு சின்ன வேலைகள் சொல்கிறேன். காசு செலவில்லை. இந்த வாரமே வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள், அடுத்த முறை அதோடு போங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, 'அம்மா உங்ககிட்ட தனியா பேசட்டும் டாக்டர்' என்று எழுந்து வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

அம்மா வெளியே வந்ததும் 'உள்ளே என்ன பேசினீங்க?' என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் காது கொடுங்கள்.